சத்தமாகப் படிக்க ஓர் இடம்

என் கணவருக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. முதலில் எழுத்துகள் கலங்கின, பிறகு முகங்கள். இனி திரும்பாது என்று டாக்டர் சொன்ன பிறகு, அவருக்கு நான் கதைகள் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். ஒரு வாரம்கூட அது ஓடவில்லை.

"வீட்டுல படிச்சா, குக்கர் விசில நெனச்சிக்கினே படிக்கிற" என்றார். "வெளிய எங்கயாவது போலாம்."

வேங்கிக்காலிலிருந்து பஸ் ஏறி டவுனில் இருக்கும் பெரிய நூலகத்துக்குப் போனோம். நீண்ட மேசைகள் முழுக்க அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. நான் அவர் காதோரம் கிசுகிசுத்ததற்கே எதிரில் இருந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நூலகர் வந்து எங்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். அங்கே பிரெய்ல் புத்தகங்கள் இருந்தன. காதில் மாட்டிக் கேட்கிற கதைகளும் இருந்தன. எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினார்.

என் கணவர் புள்ளிகள் மேல் விரலை ஓட்டினார். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது" என்று சிரித்தார். ஹெட்போனைச் சீக்கிரமே கழற்றிவிட்டார். "நல்லாத்தான் படிக்கிறாங்க. ஆனா பக்கத்துல யாரும் இல்லயே."

இன்னொரு நாள் மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமத்து நூலகம். செருப்பை வெளியே விட்டோம். தரை குளிர்ந்திருந்தது. அங்கே பேசவே கூடாது. மேசையில் இருந்தவரிடம் என் கணவர் மெல்ல, "ஒரு புத்தகம் குடுங்க, எதுனா" என்றார். அவர் எதுவும் கேட்காமல் தடித்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து அதை மடியில் விரித்துக்கொண்டார் இவர். எங்கோ மயில் அகவியது. வெயில் தரையில் நகர்ந்து அவர் பாதத்தில் ஏறியது. அவ்வப்போது ஒரு பக்கத்தைப் புரட்டினார். எந்த மொழிப் புத்தகம் என்றுகூட நான் பார்க்கவில்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கிடந்தேன். வெளியே வந்ததும், "நல்லா இருந்துச்சு" என்றார்.

கீழ்பென்னாத்தூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்துக்கு ஓடுகிற வழியில் கிளை நூலகம் திறந்திருந்தது. ஒரே அறை. நாலைந்து பேர் செய்தித்தாளோடு, நிலக்கடலை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அலமாரியிலிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்து, பழக்கத்தில் கிசுகிசுவென்று தொடங்கினேன்.

நூலகராக இருந்த பெண் தலையை நிமிர்த்தினார். "சத்தமாவே படிங்கக்கா. இங்க யாரும் பரீட்சைக்குப் படிக்கல."

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் படித்தேன். கோபித்துக்கொண்டு புகுந்த வீட்டை விட்டுக் கிளம்பிய பெண்ணின் கதை. இரண்டாம் பக்கத்தில் செய்தித்தாள்கள் தாழ்ந்தன. மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது, வேட்டி நனைந்திருந்த ஒருவர் கேட்டார்: "அந்தப் பொண்ணு திரும்பி வந்துச்சாம்மா?"

"இருங்க, படிக்கட்டும்" என்றார் என் கணவர். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமியார் பேசுற எடத்த கொஞ்சம் கொரல மாத்திப் படி."

மாற்றிப் படித்தேன். மழை விட்டது தெரிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அங்கே போகிறோம். சில நாட்களில் ஆசிரமத்துக்கும் போகிறோம். நான் கடைக்குப் போய்வரும் நேரத்தில் டவுன் நூலகத்து அறையில் உட்கார்ந்து அவர் முதல் சில பிரெய்ல் எழுத்துகளைக் கற்றுக்கொண்டுவிட்டார், என்னிடம் சொல்லாமலே.

அந்த மழை நாளில் திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"வெளிய என்ன தெரியுது?"

"நெல்லு வயல். தண்ணி நிக்குது. தூரத்துல மலை. பாதி மேகத்துல இருக்குது."

"மெதுவா சொல்லு" என்றார். "வீடு வர நேரம் இருக்குதுல்ல."