விற்கிற வீட்டுக்குப் பொட்டு வைத்தவள்

கேமரன் மலையில் எழுபதுகளில் கைமாறிய பங்களாக்களில் பாதி, என் வீட்டுத் திரைச்சீலைகளைப் பார்த்துத்தான் விலைபோயின. சரி, பாதி என்பது கொஞ்சம் கூடுதல். நான் கணக்கு டீச்சர் இல்லை, தோட்டப் பள்ளியில் தமிழ் டீச்சர். உள்ளபடி மூன்று வீடு. அந்த மூன்றிலும் திரைச்சீலை மட்டும்தான் என்னுடையது. யோசனையும் அம்மாக்கண்ணுவுடையது, வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்சும் அவளுடையது.

அம்மாக்கண்ணு எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள். எழுபத்து மூன்றில் வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பினார். புதிய மேனேஜர் சமையல்காரர் முதல் தோட்டக்காரர் வரை தன் ஆட்களோடு வந்து இறங்கினார். அம்மாக்கண்ணுவின் கையில் கூடையைக் கொடுத்து மலைக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக் கரண்டி துடைத்துப் பழகிய கை கொழுந்து கிள்ளினால் எப்படி இருக்கும்? ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்துக் கிள்ளுவாள். கங்காணி தங்கராஜு பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்:

“ஏம்மா, கொழுந்து எடுக்கச் சொன்னா மாலையா கட்டுற?”

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. பிரிஞ்சாங்கில் சாமான் கடை வைத்திருந்த விஜயன், கடையோடு வீட்டுத் தரகும் பார்த்து வந்தான். ஊருக்குப் போன வெள்ளைக்காரத் தம்பதியின் சின்ன வீடு ஒன்று எட்டு மாதமாக விலைபோகாமல் அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மலையில் வீட்டைப் பூட்டிப் போட்டால் தெரியும்தானே. சுவரில் பூஞ்சை, தரையில் ஈரம், ஊறப்போட்ட துணி வாடை. பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார்கள். கூட்டிக் கழுவித் தரச் சொல்லி விஜயன் அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டான். போய்ப் பார்த்தவள் நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

“டீச்சர், ஒங்க கர்ட்டன ரெண்டு நாளைக்குக் குடுப்பீங்களா?”

“எதுக்குடி?”

“அந்த வீட்டப் பொண்ணு பாக்க வர்றாங்க.”

“வீட்டையா?”

“ஆமா லா. நம்ம லயத்துல பொண்ணு பாக்க வந்தா என்னா செய்வோம்? நாற்காலி ஒரு வீட்டுல, சொவர்க் கடியாரம் ஒரு வீட்டுல, டம்ளர் செட்டு ஒரு வீட்டுலன்னு வாங்கியாந்து வைக்க மாட்டோம்? அதேதான்.”

அவள் சொன்னது சரி. தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில், மாப்பிள்ளை வீட்டார் வடை தின்று கிளம்பினதும் எல்லாப் பொருளும் அதனதன் வீட்டுக்குத் திரும்பிவிடும். அதை யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் தங்கள் மகளுக்கு அப்படிச் செய்தவர்கள்தானே.

“பொண்ணுக்கு நல்ல சேலையாக் கட்டிவிடுற மாதிரி டீச்சர். பொண்ணு அதே பொண்ணுதான்.”

மூன்று நாள் வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டி ஈரத்தை விரட்டினாள். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வீட்டுப் பிரம்பு நாற்காலிகள் இரண்டைக் காய்கறி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். சன்னலோரம் மேசை, மேசையில் தேநீர்க் கோப்பை, வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. பதினோரு மணிக்குத்தான் ஆளைக் கூட்டிவர வேண்டும் என்று விஜயனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இரண்டு மணிக்கு மேல் பனி இறங்கிவிட்டால் எந்த வீடும் அழுகிற வீடுதான். ஈப்போவிலிருந்து வந்த டாக்டர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மறுத்துவிட்டார். நாற்காலியோடு சேர்த்துத்தான் அவரைக் காரில் ஏற்றினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். சொல்வார்கள் என்றால், நான் சொல்வேன்.

வீடு அந்த வாரமே முடிந்தது. அதன்பின் அம்மாக்கண்ணு கூடையைக் கொண்டுபோய் ஸ்டோரில் வைத்துவிட்டாள்.

தொழில் தானாக நடந்துவிடவில்லை. வீட்டுக்காரர்களிடம் போய் நின்றால் வேலைக்காரி என்று பின்கதவைக் காட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பங்களாக் காவல்காரர்களையும் சமையல்காரிகளையும் பிடித்தாள். எந்த வீடு விற்பனைக்கு வருகிறது என்பது முதலாளிக்கு முன்னால் அவர்களுக்குத்தானே தெரியும்! தானா ராத்தாவிலிருந்து ஸ்டூடியோக்காரரை அழைத்து, ஒரே அறையை வெறுமையாக ஒரு படம், சோடித்து ஒரு படம் எடுக்கச் செய்து, இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு வைத்திருந்தாள். பேசத் தயங்குகிற இடத்தில் படத்தை நீட்டுவாள். விஜயன் கடை வாசலில் மூன்று மொழியில் அட்டை தொங்கியது. ஆங்கிலமும் மலாயும் நான் எழுதியவை. தமிழ் அவள் சொன்னது: ‘காலி வீடா? அழவிடாதீர்கள். அம்மாக்கண்ணுவிடம் சொல்லுங்கள்.’

ஒரு தடவை வாங்க வந்தவர் நாற்காலியில் சாய்ந்திருக்கும்போதே கிராணி மனைவி வடிவம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“அம்மாக்கண்ணு, நாற்காலி வேணும். எங்க வீட்டுக்கு நெசமாவே பொண்ணு பாக்க வர்றாங்க.”

அம்மாக்கண்ணு அசரவில்லை. “ஐயா, எந்திரிச்சு நின்னு பாருங்க, தேயிலை மலை இன்னும் அழகாத் தெரியும்” என்றாள். ஐயா எழுந்தார். நாற்காலி பின்வாசல் வழியாகப் போயிற்று.

எழுபத்தொன்பதில்தான் கஷ்டம் வந்தது. அவள் கணவர் தங்கையாவுக்குத் தேயிலை ஆலையில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் குடும்பத்தில் ஒருவர் பெயராவது இருந்தால்தான் லயத்து வீடு. அவள் பெயரை அவளே எப்போதோ வெட்டிக்கொண்டாள். மகள் ஜெயா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்குள் வீட்டை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. ஊரார் வீட்டையெல்லாம் சோடித்தவளுக்குச் சட்டி வைக்க இடமில்லை.

விஜயன் ஒரு பேச்சுப் பேசினான்.

“அக்கா, மேட்டுல அந்தக் கருங்கல் பங்களா ரெண்டு வருசமாக் கெடக்கு. தீபாவளிக்குள்ள அத முடிச்சுக் குடுங்க, என் கடை மாடி ரூம் ஒங்களுக்கு. இல்லன்னா பூ ஏத்துற ஆளுங்க கேட்டுக்கிட்டிருக்காங்க, அவங்களுக்குக் குடுத்துருவேன். என்னையும் கொஞ்சம் பாருங்க லா.”

வாங்க வந்தவர்கள் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் தோட்டமும் மூன்று லோரியும் வைத்திருந்த அமிர்தலிங்கமும் அவர் மனைவி நாகரத்தினமும். அதுவரை அம்மாக்கண்ணு சோடித்த வீடுகளுக்கு வந்தவர்கள் டாக்டர்கள், சீன வியாபாரிகள், கோலாலம்பூர்க்காரர்கள். அவர்களுக்கு அடுப்பில் ரொட்டி வாட்டி வாசனை எழுப்புவாள். நம் ஆட்கள் வீடு வாங்க வருவது அதுதான் முதல் தடவை. ரொட்டி வாசனை வந்தால் துரை ஞாபகம்தான் வரும், சொந்த வீட்டு ஞாபகம் வராது என்று யோசித்தாள். குத்துவிளக்கு ஏற்றினாள். மல்லிகைக்குப் பதில் மலையில் கிடைத்த செவ்வந்தியை வைத்தாள். அடுப்பில் கோப்பிக்குப் பால் வைத்தாள்.

கார் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினாள். பேசிக்கொண்டே அவர்களைச் சமையலறைக்கு அழைத்து வந்தபோது, பால் பொங்கி அடுப்பின்மேல் வழிந்துகொண்டிருந்தது. திரைச்சீலைக்குக் காவலாக நான் பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன். நாகரத்தினம் நிலைப்படியைத் தாண்டவில்லை.

“யாரு பால் காய்ச்சினது?”

“நான்தாங்கம்மா. கோப்பிக்கு.”

“வெளக்கு யாரு ஏத்தினது?”

“அதுவும் நான்தான்.”

“வெளக்கேத்தி, பாலும் பொங்க வச்சிட்ட. அப்புறம் எங்கள எதுக்குக் கூப்பிட்ட? ஒன் கிரகப்பிரவேசத்துக்கா?”

அமிர்தலிங்கம் சிரித்தார். “விடு நாகு, கோப்பிதானே.”

“நீங்க சும்மா இருங்க. ஒருத்தி குடி வந்த வீட்டுல நான் எப்படிப் பால் காய்ச்சுறது?”

கார் திரும்பிப் போயிற்று. விஜயன் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

“வெள்ளைக்காரனுக்கு என்னா புடிக்கும், சீனனுக்கு என்னா புடிக்கும், எல்லாம் தெரியும். நம்ம சாங்கியம் தெரியல பாருங்க ஒங்களுக்கு!”

அம்மாக்கண்ணு அடுப்பைத் துடைத்தாள். பிறந்ததிலிருந்து லயத்தில் இருந்தவள். தோட்டத்தில் வீடு கொடுப்பார்கள், சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய் இறங்குவார்கள். பால் பொங்கவைத்துக் குடிபோக அவளுக்குச் சொந்தமாக வீடு எங்கே இருந்தது?

மறுநாள் காலையில் லோரி பிடித்துத் திரிங்காப்புக்குப் போனாள். நாகரத்தினம் கொட்டகையில் கோஸுக்கு மேலிலை உரித்துக்கொண்டிருந்தாளாம். அம்மாக்கண்ணுவும் கத்தியை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, நீங்க சொன்னது நெசம். நான் குடி வந்துட்டேன். தெரியாம வந்துட்டேன்.”

“அதுக்கு நான் என்னா செய்ய?”

“நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நானே காலி பண்றேன், ஒங்க கண்ணு முன்னால. நாளைக்கு ரெண்டரைக்கு வாங்க.”

“ரெண்டரைக்குப் பனி எறங்கிருமே.”

“எறங்கட்டும்.”

நாகரத்தினம் கத்தியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். “ஒனக்கு அந்த வீட்டால என்னா ஆகணும்?”

தீபாவளிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது, லயத்து வீட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று அம்மாக்கண்ணு சொன்னாள். நாகரத்தினம் மறுபடி கோஸை உரித்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வந்தாள். அன்று இறங்கிய பனியில் என் மூக்குக் கண்ணாடி என் மூக்கிலேயே தொலைந்துபோயிற்று. அம்மாக்கண்ணு முதலில் அடுப்பை வெளியே எடுத்தாள். அப்புறம் உப்புச் சாடி, பால் சட்டி, நாற்காலி, மேசை, செருப்பு என்று ஒவ்வொன்றாக லோரியில் ஏறின. என் திரைச்சீலையை இறக்கினபோது பின்னால் உடைந்த கண்ணாடி தெரிந்தது. பாயைச் சுருட்டினபோது உளுத்த பலகை தெரிந்தது. அலமாரியை நகர்த்தினதும், கரியடுப்புக்கும் அசையாத ஈரக்கறை ஒன்று சுவரில் ஆளுயரத்துக்கு நின்றது. விஜயன் வெளியே போய்விட்டான், பார்க்கச் சகிக்காமல். கடைசியாக விளக்கை மலையேற்றி எடுத்துக்கொண்டு, சாவியைத் தரையில் வைத்துவிட்டு அம்மாக்கண்ணு வாசலுக்கு வந்து நின்றாள். தன் கையால் சோடித்ததையெல்லாம் தன் கையாலேயே கலைத்துவிட்டாள்.

நாகரத்தினம் வெற்று வீட்டில் மெதுவாக நடந்தாள். ஈரக்கறையைத் தொட்டுப் பார்த்தாள். உளுத்த பலகையைக் காலால் அழுத்தினாள்.

“இவ்வளவுதானா? இன்னும் இருக்கா?”

“குளிக்கிற ரூம்புல ஒரு கொழாய் ஒழுகுதும்மா.”

“அன்னிக்கு அவ்வளவு அழகா இருந்துச்சே, எத மூடி வச்சிருக்காளோன்னுதான் மனசு அடிச்சிக்கிச்சு. இப்பத் தேட ஒண்ணுமில்ல” என்றவள், வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள். “தம்பி விஜயன்! வெலையப் பேசலாம் வா. செவுரெல்லாம் ஈரம், கொறச்சுத்தான் குடுப்பேன்.”

குறைத்துத்தான் கொடுத்தாள். விஜயன் ஒரு வாரம் முணுமுணுத்தான். ஆனாலும் சொன்ன பேச்சு மாறவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அம்மாக்கண்ணுவும் தங்கையாவும் ஜெயாவும் கடை மாடியில் குடியேறினார்கள். அன்று மாடியில் பொங்கிய பால் படிக்கட்டு வழியாக இறங்கி, கீழே ஆணி வாங்க நின்றவர்களின் காலை நனைத்தது. எண்பதுகளில் மலையில் அடுக்கு வீடுகள் எழும்பியபோது அவற்றில் முக்கால்வாசியைச் சோடித்தவள் அவள்தான்.

இதை நான் வாசித்துக் காட்டியபோது அம்மாக்கண்ணு எதிரில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். முக்கால்வாசியைக்கூட ஒன்றும் சொல்லவில்லை. பாலுக்குத்தான் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், அங்க பால் பொங்கல. பொங்க விடுவேனா? அது விஜயன் வீடு, அவன் பொண்டாட்டி படியில நின்னு பாத்துக்கிட்டிருந்தா. நொரை எழும்பினதும் எறக்கிட்டேன். பொங்கினது அஞ்சு வருசம் கழிச்சு, ரிங்லெட்டுல, எங்க சொந்த வீட்டுல. அன்னிக்கு நீங்க எங்க வந்தீங்க? ஒங்க பேத்தியப் பாக்கணும்னு ஈப்போவுக்குல்ல போயிட்டீங்க.”