கத்திரி அக்காவும் காய்ச்சல் ஊசியும்

சீருடை தைக்கும் அந்தக் கடையில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. துணி வெட்டுகிறவள், கூடவே யார் பேச்சையும் பாதியில் வெட்டுகிறவள் என்பதால் கத்திரி அக்கா. முதலாளியே அவளிடம் வாயைக் கொடுக்கமாட்டார். அப்பேர்ப்பட்டவள் ஒரு விஷயத்தில் மட்டும் மூச்சு விடவில்லை. அவளுக்கு மார்பில் புற்றுநோய். கீமோ ஏற்றிக்கொள்ள லீவு போடும்போதெல்லாம் "அல்சர்" என்றாள். தலையில் கட்டிய துணிக்கு "ஒத்தைத் தலைவலி" என்றாள். பாவம் பார்க்கிற மூஞ்சிகளைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கு நடுவில் ஃப்ளூ காய்ச்சல் பரவத் தொடங்கியது. டாக்டரம்மா அவளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுக் கறாராகச் சொன்னார்: "கீமோவுல இருக்கிற உடம்பு, ஊசி போட்டாலும் முழுசா எதிர்த்து நிக்கும்னு சொல்ல முடியாது. கூட இருக்கிறவங்களும் போட்டுக்கணும். காய்ச்சல் வந்தா அடுத்த கீமோ தள்ளிப்போகும், உயிருக்கே ஆபத்தாகலாம்."

வீட்டுக்காரரும் மகளும் மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார்கள். கடைதான் மசியவில்லை. வெட்டிய துணி பறக்கும் என்று ஜன்னலை அடைத்தே வைத்திருக்கும் ஒரே கூடம் அது; ஒருத்தர் தும்மினால் எல்லார் மேலும் படும். கத்திரி அக்கா கெஞ்சினாள், மிரட்டினாள். "சளிக்கெல்லாமா ஊசி போடுவாங்க?" என்று காஜா போடும் பெண் சிரித்தாள். எல்லாரையும்விட இஸ்திரி அண்ணன்தான் மோசம். "நல்லா இருக்கிற உடம்புல காய்ச்சலை ஏத்திக்கச் சொல்றியா? ஆளை விடும்மா" என்று இஸ்திரிப் பெட்டியைத் தடாலென்று வைப்பார். சரியான கல்லுளிமங்கன்!

ஒரு திங்கட்கிழமை காஜா பெண் கண்ணும் மூக்கும் சிவக்க வந்து உட்கார்ந்தாள். "லேசான காய்ச்சல்தான்க்கா, மாத்திரை போட்டுட்டேன்" என்றாள். கத்திரி அக்காவுக்கு இன்னும் இரண்டு கீமோதான் பாக்கி. பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அப்புறம் அவள் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. எத்தனை நாளைக்கு ஓடி ஒளிவது?

"எல்லாரும் மெஷினை நிறுத்துங்க."

நின்றன. தலைத்துணியை அவிழ்த்தாள். பேருக்குக்கூட ஒரு முடி இல்லை.

"அல்சரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எனக்கு கேன்சர். உங்களுக்கு அது ரெண்டு நாள் சளி. எனக்குப் பொழைக்கிறதா போறதாங்கிற கேள்வி. நான் போறதா இல்ல! யாரும் உச்சுக் கொட்ட வேணாம், போய் ஊசி போட்டுக்கிட்டு வாங்க. ஏய், நீ முதல்ல வீட்டுக்குக் கிளம்பு. காய்ச்சல் விட்டப்புறம் வா."

காஜா பெண் அழுதுகொண்டே பையை எடுத்தாள். முதலாளி தானே எழுந்து போய் ஜன்னல்களைத் திறந்தார். தையல்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டினார்கள். இஸ்திரி அண்ணன் மட்டும் அசையவில்லை.

"உங்களுக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமாண்ணே?" என்று சண்டைக்கே போனாள்.

அவர் அவளைப் பார்க்காமல் கேட்டார்: "கீமோ ஓடும்போதே போடலாமாம்மா? உனக்கு ஒண்ணும் ஆகலையா?"

"யாருக்காகக் கேக்குறீங்க?"

அவர் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். "எனக்குத்தான். ரத்தத்துல. வீட்டுல மட்டும்தான் தெரியும். ஊசியே காய்ச்சலைக் கிளப்பிவிட்டா இருக்கிற உசிரும் போயிடுமேன்னு பயம்."

கத்திரி அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. "இத்தனை நாளா பக்கத்து மேஜையில நின்னுக்கிட்டு... அந்த ஊசியில உயிரோட கிருமி கிடையாதுண்ணே, அதால ஃப்ளூ வராது. எனக்குக் கை வலிச்சுது, உடம்பு கொஞ்சம் அசதியா இருந்துது, அவ்வளவுதான். உங்களுக்கு எப்ப போடணும்னு உங்க டாக்டர்தான் சொல்லணும். கேளுங்க."

"சாயங்காலம்..."

"இப்பவே."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். என்ன விஷயம் என்று மறுமுனையில் கேட்டார்கள். வாசலில் நின்றுவிட்ட தையல்காரர்களை ஒருமுறை பார்த்தார்.

"எனக்கு பிளட் கேன்சருங்க," என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. "ஃப்ளூ ஊசி போட்டுக்கணும். எப்ப வரட்டும்?"