மில் வீட்டுக்குப் போன மக்னெற்றிக் காட்றிஜ்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே வியர்க்கும். எழுதவும் துணிந்துவிட்டேன், மன்னிக்கவும். றேடியோ திருத்தப் பழகும் தம்பிமார் நான் செய்த பிழையைச் செய்யாமல் விட்டால் போதும்.

அப்போது வவுனியாவில் ஒரு றேடியோக் கடையில் எனக்கு வேலை. மாங்குளத்திலிருந்து அரிசி மில்காரர் ஒருவர் வந்தார். வீட்டு றெக்கோட் பிளேயரில் சத்தம் தேய்ந்துவிட்டதாம். பழுதானது காட்றிஜ், அதாவது ஊசியைப் பிடித்திருக்கும் விரல்நுனி அளவுப் பெட்டி. அவரிடம் இருந்தது கிறிஸ்டல் வகை. தகரக் கூரைக்குக் கீழே வன்னி வெயிலில் கிறிஸ்டல் கருவாடாகிவிடும். முந்தினதைவிடத் திறமான ஒன்று வேண்டும், றோட்டால் போகிறவனுக்கும் கேட்கவேண்டும் என்றார்.

அதற்குச் சரியானது செறமிக் வகை. வெயிலைத் தாங்கும், சத்தமும் தரும். ஆனால் எங்கள் முதலாளியின் அலுமாரியில் ஒரு மக்னெற்றிக் காட்றிஜ் இரண்டு வருடமாக விலைப்படாமல் கிடந்தது. இனிமையில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. சத்தம்தான் மிகக் குறைவு. இடையில் தனி அம்பிளிபயர் வேண்டும். ஊசியும் நோஞ்சான். முதலாளி அதைச் சாமிப் படம்போல் இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினார். மில்காரர் மயங்கி, அதையே வாங்கிவிட்டார். எனக்கு எல்லாம் தெரியும், வாய் திறக்கவில்லை.

அவர் போனபின் முதலாளி சொன்னார்: "நாளைக்கு அவர் வீட்டுக்குப் போய்ப் பிளேயரில் பூட்டிவிடு. இது திரும்பி வந்தால் நீ இந்தப் பக்கம் வரவேண்டாம்."

எங்கள் வீட்டில் சம்பளம் என்று வந்தது என்னுடையது மட்டும்தான். பயத்தில், முதலாளிக்குச் சொல்லாமல் ஒரு செறமிக்கையும் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மில்லுக்கும் வீட்டுக்கும் ஒரு சுவர்தான். என்ஜின் ஓடினால் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுங்கும். நான் மக்னெற்றிக்கைப் பூட்டி ஒரு றெக்கோட்டைப் போட்டேன். சுவரில் படமாக இருந்த சூசையப்பருக்கே கேட்டிருக்காது. மில்காரர் ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

"தம்பி, உவர் பாடுறாரோ, சாமியாரின்ர காதுக்குள்ள பாவசங்கீர்த்தனம் சொல்லுறாரோ?"

அவருடைய மனைவி சமையலை விட்டுக் குசினிக்குள்ளிருந்து வந்து, கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு இருந்தார். "பாடுறவர் மூச்சு இழுக்கிறதும் கேக்குது. எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அந்த நேரம் பார்த்து மில் என்ஜின் ஓடத் தொடங்கி நிலம் ஆட, ஊசி துள்ளியது. ஊசி துள்ளினால் அந்த வீட்டில் ஒரே வைத்தியம்: தலையில் காசு. மில்காரர் சதுர ஐந்து சதம் ஒன்றை ஊசித்தலையில் வைத்தார். பாரம் போதாததால்தான் சத்தமும் வரவில்லை என்று விளக்கம் சொல்லி இன்னொன்று வைத்தார். மூன்றாவதும் வைத்தார். வைக்காதேங்கோ என்று சொல்லவேண்டிய நான் குனிந்து என் பையை அடுக்கினேன். ஊசித்தண்டு வளைந்து, காட்றிஜ் வயிற்றால் றெக்கோட்டில் படுத்தது. ஒரு கீச்சு. அதோடு சரி.

நாளைக்கே வவுனியாவுக்கு வந்து இதை உன் முதலாளியின் முகத்தில் எறிவேன் என்று அவர் குதித்தார். என் வேலை போய்விட்டது என்று தெரிந்தபின்தான் எனக்கு வாய் வந்தது.

"ஐயா, காசு வைக்கேக்கை நான் மறிச்சிருக்கோணும். உது உங்கட வீட்டுக்குச் சரிவராதெண்டு கடையிலயே சொல்லியிருக்கோணும். எனக்குக் கதைக்கப் பயம்."

"மூண்டு காசும் வைச்சது ஆர்? அவனோ?" என்று மனைவி கேட்டார். மில்காரர் காசுகளைப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

செறமிக்கைப் பூட்டினேன். என்ஜின் ஓட ஓடப் பாட்டு றோட்டுக்குக் கேட்டது. மில்காரர் வாசலில் போய் நின்று பெருமையாகக் கேட்டார். மனைவி, "இப்ப மூச்சுக் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

கடைக்குத் திரும்பி முதலாளியிடம் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். செறமிக் கதையையும் சொன்னேன். காசு வைக்கும்போது மறிக்காத உனக்கு வாய் என்னத்துக்கு என்று மட்டும் கேட்டார். நாளைக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

தம்பிமார், காட்றிஜ் தெரிவு செய்யும்போது பாட்டை மட்டும் பாராதீர்கள். கூரை என்ன, நிலம் ஆடுமா, தலையில் காசு வைக்கிற ஆள் யார் என்று விசாரியுங்கள். சரிவராது என்றால் கடையிலேயே சொல்லிவிடுங்கள். பூட்டியபின் சொல்வதற்கு இரண்டு மடங்கு துணிவு வேண்டும்.

மறுநாள் எட்டு மணிக்குக் கடைக்குப் போனேன். என் மேசையில் முதலாளி எடுத்துவைத்த பழுதான மின்விசிறி ஒன்று இருந்தது. அதைக் கழற்றத் தொடங்கினேன்.