சாணிக்கு வந்த மவுசு

தைலம்மாளுக்குச் சம்பளமே சாணிதான். சிரிக்காதீர்கள். செஞ்சிக் கோட்டைக்கு இந்தப் பக்கம் பாண்டுரங்கன் வீட்டு மாட்டுக் கொட்டகையைக் காலங்காத்தால கூட்டிக் கழுவிவிட்டு, அந்தச் சாணியை அள்ளிக்கொண்டு போவாள். காசு என்று அவளும் கேட்டதில்லை, அவர்களும் கொடுத்ததில்லை. மலையடிவாரப் பாறைகளில் வரட்டியாகத் தட்டிக் காயவைத்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை வைத்திருந்த மெஹபூப் பீக்கு விற்பாள். மிச்சத்தில் தன் அடுப்பு எரியும். புருஷன் கன்னியப்பன் கிணறு வெட்டப் போய் மண் சரிந்து செத்த பிறகு அவளுக்கு வேறு பிழைப்பு ஏது?

மகள் அமிர்தவல்லி ஒன்பதாவது படித்தாள். அவர்கள் குடியிருந்த காலனியில் அந்த வயசுப் பெண்களெல்லாம் கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போக, இவள் மட்டும் தாவணி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். "எம் பொண்ணு டீச்சராவணும். அது தலையில ஒரு சொம ஏற வுட மாட்டேன்" என்று தைலம்மாள் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிவாள். திமிர் பிடித்தவள் என்று பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டுமே!

எண்பத்து நாலோ ஐந்தோ, பாண்டுரங்கன் வீட்டில் சாண எரிவாயுத் தொட்டி கட்டினார்கள். பிளாக் ஆபீசிலிருந்து வந்த சுந்தரமூர்த்தி, "இனிமே பொகை கெடையாது, வெறகு வேணாம், மலையில நாலு மரம் பொழைக்கும்" என்றார். நல்ல மனுஷன். சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. பாண்டுரங்கன் மனைவி நாகம்மாளும் பாவம், அடுப்பூதி அடுப்பூதிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள்.

முதல் தடவை தொட்டியை நிரப்ப வண்டி வண்டியாகச் சாணி வேண்டும். ஒரு வீட்டுச் சாணி எந்த மூலைக்கு? யார் வீட்டில் எத்தனை மாடு என்று தைலம்மாளைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாள். வீடு வீடாகப் போய்க் கெஞ்சி வாங்கி வந்து கொட்டினாள். முழங்காலளவு சாணியில் நின்று கரைத்தாள். "நீ இல்லன்னா இந்தத் தொட்டியே இல்லம்மா" என்றார் சுந்தரமூர்த்தி. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம்தான். "உள்ள போற சாணி இன்னா சார் ஆவும்?"

"அந்தாண்ட பக்கமா வெளிய வந்துடும்மா. கேஸ் மட்டுந்தான் நாம எடுத்துக்கறோம்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. போனது திரும்பி வருகிறது, அதைத் தட்டிக்கொண்டால் ஆயிற்று. எரிகிற சத்தெல்லாம் கேஸோடு போய்விடும் என்று அவள் கண்டாளா? கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை, அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

நாகம்மாள் வீட்டு அடுப்பில் நீலத் தீ எரிந்த அன்று தெருவே கூடி வாயைப் பிளந்தது. தைலம்மாளும் சேர்ந்து கைதட்டினாள். பிறகு தொட்டியிலிருந்து வெளியே வந்த சாணிக் கூழை அள்ளிப்போய்ப் பாறையில் தட்டினாள். ஒட்டவில்லை. வைக்கோலும் உமியும் கலந்து தட்டினாள். காய்ந்து அப்பளமாக நொறுங்கியது. நொறுங்காமல் தேறியதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், மெஹபூப் பீ தூக்கி வெளியே வைத்தாள். "இன்னாடி தைலம், மண்ணத் தட்டிக் குடுத்துட்டியா? அடுப்பு கமறுது, இட்லி வேவல." கடைசியில் அந்தக் கூழும் இல்லை என்றாகிவிட்டது. வயலுக்கு அது நல்ல எரு என்று பாண்டுரங்கன் நிறுத்திவிட்டார். தன் வயலுக்குத் தன் எரு. யாரை நோவது?

ஊரில் ஒவ்வொரு வீடாகத் தொட்டி வந்தது. தொட்டி இல்லாதவர்கள் இருப்பவர்களுக்குச் சாணி விற்றார்கள். நேற்றுவரை மிதித்துவிட்டு முகம் சுளித்த சனம், இன்று அதைக் கூடை போட்டு மூடி வைத்தது. ரோட்டில் கிடந்ததற்குக்கூடச் சொந்தக்காரன் வந்துவிட்டான், போங்கள்!

"கொட்டாயக் கூட்டிட்டுப் பழையது வாங்கினு போயேண்டி" என்றாள் நாகம்மாள், மனசார.

தைலம்மாள் வெட்கத்தை விட்டு சுந்தரமூர்த்தியிடமே போய் நின்றாள். "எனக்கு இன்னா சார் வழி?"

"நீயும் ஒரு தொட்டி கட்டிக்கம்மா. நாலு மாடு இருந்தா மானியம் தராங்க."

"மாடு இருந்தா நான் ஏன் சார் ஒங்க கிட்ட வரேன்?"

அவர் முகம் விழுந்துவிட்டது. மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்டும் இருப்பார்.

அதற்குள் வீட்டில் உலை வைக்கச் சுள்ளியில்லை. தைலம்மாள் கூலிக்கு நாற்று நடப் போனாள், வேலை இருந்த நாளில். அப்புறம் விறகுக்கு மலைக்கு யார் போவது? அமிர்தவல்லி முதலில் சனி ஞாயிறு போனாள். பிறகு திங்கள்கிழமையும் போனாள். விறகில் கொஞ்சம் மெஹபூப் பீக்கும் போயிற்று. எப்போது பள்ளிக்கூடம் நின்றது என்று அம்மாவும் கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை. தைலம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஒருநாள் ஜீப்பில் பெரிய அதிகாரிகள் தொட்டி பார்க்க வந்தார்கள். சாணி கரைத்துக் காட்டத் தைலம்மாளைக் கூப்பிட்டிருந்தார்கள். "இந்தத் தெருவுல இப்ப யாரும் வெறகுக்கு மலைக்குப் போறதில்ல சார்" என்றார் சுந்தரமூர்த்தி. அந்தத் தெருவைப் பொறுத்தவரை உண்மைதான். அப்போது ரோட்டில் அமிர்தவல்லி தலையில் விறகுக்கட்டோடு காலனிப் பக்கம் போனாள். வந்தவர்கள் யாரும் திரும்பவில்லை.

தைலம்மாள் சாணிக் கையோடு ஓடினாள். "குடுடி என் கண்ணு. நான் தூக்கியாறேன். கழுத்து ஒடிஞ்சிடும்டி."

"வுடும்மா. பழகிடுச்சி."

பெற்றவள் அங்கேயே நின்றுவிட்டாள். மகள் விறகுக்கட்டைக் கையால் பிடிக்கக்கூட இல்லை. கையை வீசிக்கொண்டு நடந்தாள், கட்டு ஆடவேயில்லை.