இல்லாத துடக்கு

என் மகனிடம் ஒரு சாவை வைத்துப் பொய் சொன்னேன். அவன் என்னை நம்பினான். அந்த நம்பிக்கையால் அவனுடைய இசைக்குழுவை இழந்தான்.

எண்பதுகளின் கடைசி அது. நாங்கள் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் இருந்தோம். ஊரில் ஆசிரியராக இருந்த நான் இங்கே கவுன்சிலில் கிளார்க். மகன் சிறுவயதில் எங்களோடு வந்தவன். அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தான், இன்னும் ஓராண்டு மீதி. ஆனால் அவன் மனம் முழுக்கக் கிட்டாரில் இருந்தது. புளூஸ் என்று சொல்வார்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டு. நூலகத்தில் எடுத்த கசற்றுகளைக் கேட்டுக் கேட்டுத் தானே பழகினான். தாயின் சின்ன மருந்துப் போத்தலொன்றை விரலில் மாட்டிக் கம்பியின்மேல் வழுக்குவான். சுரம் இழைந்து இறங்கும். மேல்மாடியிலிருந்து அது வரும்போது, வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையில் நான் ஒரே வரியில் நின்றுவிடுவதுண்டு. நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவனோடு மூன்று ஆங்கில இளைஞர்கள். ஞாயிறு மத்தியானங்களில் தூட்டிங் பக்கத்துப் பப்களில் வாசித்தார்கள். கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் பெயர்பெற்ற குழுவொன்று தங்கள் சுற்றுப்பயணத்தில் முதலில் மேடையேறி வாசிக்க இவர்களை அழைத்தது. பத்து நாளில் தொடங்கும்; ஒரு மாதம், ஊர் ஊராக. மகன் ஓடிவந்து சொன்னான். படிப்பு என்னாவது என்று கேட்டேன். பிறகு பார்க்கலாம் என்றான். அந்தப் ‘பிறகு’ எனக்குப் பயத்தைத் தந்தது.

அந்தக் கிழமையே கொழும்பிலிருந்து செய்தி வந்தது. என் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி யாழ்ப்பாணத்தில் காலமாகிவிட்டார். சாவீட்டின் தீட்டை நாங்கள் துடக்கு என்போம். தந்தைவழி உரித்துக்காரர் முப்பத்தொரு நாள் காக்கவேண்டும். கோயில் இல்லை, மச்சம் மாமிசம் இல்லை, கொண்டாட்டம் இல்லை. இவரோ தாய்வழி, அதிலும் தூரம். எங்களுக்குத் துடக்கே இல்லை. யாருக்கு எத்தனை நாள் என்று பலரும் என்னிடம்தான் தொலைபேசியில் கேட்பார்கள். அப்படிப்பட்ட நான் மகனைக் கூப்பிட்டு, எங்களுக்கும் முப்பத்தொரு நாள் என்றேன்.

“கிட்டாரும் தொடக்கூடாதோ அப்பா?”

“ஏலாது.”

சண்டை பிடிப்பான் என்றுதான் நினைத்தேன். அதற்கு மறுமொழிகளும் தயாராக வைத்திருந்தேன்.

“ஓம் அப்பா. அவங்களுக்கு நான் சொல்லுறன்.”

மனைவிக்கு விளங்கிவிட்டது. குசினி அடுப்படிக்கு என்னைக் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ, அவர் உங்கட அம்மாவின்ர பக்கமெல்லே. எங்களுக்கு எங்கால துடக்கு?”

“அவன்ர படிப்பு முடியட்டும். நீர் வாயைத் திறக்காதையும்.”

அவள் திறக்கவில்லை. சாமி விளக்கை ஏற்றாமல், மரக்கறி மட்டும் சமைத்து, என் பொய்யை என்னோடு சேர்ந்து காத்தாள்.

குழுவில் பாடுகிற பையன் ஒருநாள் பூங்கொத்தோடு வந்தான். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினான்; மகன் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்று என் கையைப் பிடித்தான். பிறகு தயங்கித் தயங்கி, ஏதாவது வழி உண்டா என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் மகனே சொன்னான்: இது எங்கள் முறை, மீற முடியாது. அதை அவன் பெருமையோடு சொன்னான். நான் பூவை வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் வேறொரு கிட்டார்காரனோடு போனார்கள். பயணம் வெற்றி. வந்தவன் நிலைத்துவிட்டான். அடுத்த ஆண்டு அவர்களின் முதல் இசைத்தட்டு கடைகளில் இருந்தது. மகன் படித்து முடித்து வேலைக்குப் போனான், கலியாணமும் கட்டினான். கிட்டாரை நானாகப் பறிக்கவில்லை, அவனாகத்தான் விட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் இல்ஃபோர்ட்டில் ஒரு செத்தவீடு. இறந்தவர் அன்று யாழ்ப்பாணத்தில் காலமான அந்த மாமாவின் கூடப்பிறந்த தங்கை. எங்களுக்கு எத்தனை நாள் என்று மகன் அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டான். அப்போது நான் அவன் பக்கத்தில்தான் நின்றேன்.

“உங்களுக்கு ஒண்டுமில்லைத் தம்பி, இவ தாய்வழி. பயப்பிடாதையும், நாளைக்கே ஆட்டிறைச்சி காய்ச்சலாம்.”

மகன் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்தான். திரும்பும் வழியில், காரில் நாங்கள் இருவர்தான்.

“அப்ப அந்தமுறை?”

“தெரிஞ்சுதான் சொன்னனான்.”

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினான். “அவங்கள் கெஞ்சினவங்கள் அப்பா. நான்தான் மாட்டனெண்டனான்.”

எதையாவது சரிசெய்யவேண்டும் என்று எனக்குத் தவிப்பு. குழு லண்டன் மண்டபமொன்றில் வாசிக்க வந்தபோது, சாமான்களை இறக்கும் நேரம் பார்த்துப் போய் அந்தப் பாடகனைச் சந்தித்தேன். முழுவதையும் சொன்னேன். துடக்கு என்றால் என்ன என்று விளக்கவே நேரம் பிடித்தது. அவன் கோபப்படவில்லை. எங்களில் உங்கள் மகன்தான் நன்றாக வாசித்தவன் என்றான். இடம் இனி இல்லை, ஆனால் ஓர் இரவு வந்து எங்களோடு வாசிக்கட்டும், நானே கூப்பிடுகிறேன் என்றான். சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து மகன் வந்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“நீங்களோ போய்க் கேட்டனீங்கள்?”

“ஓம்.”

“இதையும் நீங்களே முடிவெடுத்திட்டீங்கள்.”

அவன் அந்த மேடைக்குப் போகவில்லை. போக ஆசைப்பட்டான் என்று அவன் மனைவி பிறகு சொன்னாள்.

இப்போது பக்கத்தில் மோர்டனில் இருக்கிறான். தவறாமல் வருகிறான், என் மாத்திரைகளை விசாரிக்கிறான், குளிருக்கு ஹீட்டரைச் சரிபார்க்கிறான். போன வருடம் பேத்திக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் என்ன கொண்டுவரவேண்டும், குழந்தையை யார் மடியில் இருத்துவது என்றெல்லாம் தன் தாயிடம் கேட்டான். அவளுக்குத் தெரியாதவற்றைத் தொலைபேசியில் கோயில் ஐயரிடம் கேட்டான். நான் எதிர்க் கதிரையில் இருந்தேன். எல்லாம் எனக்குத் தெரியும். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.