போணிக்கு முன்னால் எடுத்த ரம்பம்

நிக்கானோர், ஹெர்மிலா என்ற பழைய சாமான் வியாபாரிக்கு ஆயிரத்து எண்ணூறு பெசோ பாக்கி வைத்திருந்தார். ஒரு மின்ரம்பம் வாங்கிய கடன்.

புவேப்லா நகரில் முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர் அவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் குடியிருக்கிற வீட்டில் ஒரு செங்கல்கூட அடுத்தவன் கை வைத்ததில்லை. அடுத்த மாடி எப்போதாவது வரும் என்று அந்தத் தெருவில் எல்லாரும் மொட்டைமாடியில் கம்பிகளை நீட்டி விட்டிருந்தார்கள். துருப்பிடிக்காமல் பெயின்ட் அடித்து நின்றது இவர் வீட்டுக் கம்பி மட்டும்தான். கையால் சம்பாதித்து, கையால் கட்டி, எவனிடமும் கை நீட்டாமல் இருந்தவர். அதைச் சொல்லிக்கொள்ளவும் தயங்கியதில்லை. ஏன் தயங்க வேண்டும்?

ஓய்வு பெற்றதும் கைகள் நமநமவென்று அரிக்க ஆரம்பித்தன. மாடிப்படிக்குக் கீழே பட்டறை போட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இழைப்புளி, துளை போடும் மிஷின், உளி என்று ஏதாவது ஒன்றை வாங்காமல் வீடு திரும்பினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படி ஒரு ஞாயிறு, வெயில் ஏறுவதற்குள் போனார். ஹெர்மிலா தார்ப்பாயை விரித்துச் சாமான்களைப் பரப்பிக்கொண்டிருந்தாள். அதில் அந்த மின்ரம்பம் கிடந்தது. இவர் பையில் இருந்ததோ பஸ் காசு. இன்னொருத்தன் குனிந்து ரம்பத்தைப் பார்த்தான். இவர் சட்டென்று அதை எடுத்துக் கோணியில் போட்டுக்கொண்டார்.

"மத்தியானத்துக்குள்ள காசோட வந்துடறேம்மா."

"ஐயையோ மேஸ்திரி, இன்னும் போணியே ஆகல! காச வெச்சிட்டுத் தொடுங்க!"

அதற்குள் அவர் தெருமுனை தாண்டியிருந்தார். அவருக்குக் கேட்காமலா இருந்தது? கேட்டது. அந்தச் சந்தையில் முதல் காசைக் கையில் வாங்கி, அதாலேயே சிலுவை போட்டு, முத்தம் கொடுத்துவிட்டுத்தான் எவரும் வியாபாரத்தைத் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் கடன் சொல்லிச் சரக்கை எடுப்பது அடுப்பில் தண்ணீரை ஊற்றுகிற காரியம்.

வீட்டில் மனைவி ஒத்திலியா பென்ஷன் பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

"ஏன்யா, மழைக்கு முன்னாடி மாடிக்குத் தார் பூசணும்னு நீதானே சொன்ன? ஒத்தக் காசு தர மாட்டேன். உன் பொம்மைய நீயே சம்பாரிச்சு வாங்கிக்க."

"பொம்மையா? அடியே, அது ரம்பம்!"

"வாயாலேயே அறுக்கிறியே, அது எதுக்கு உனக்கு?"

மத்தியானம் போனது. அந்த ஞாயிறும் போனது. ஹெர்மிலாவுக்கு அன்று சாயங்காலம்வரை ஓர் ஆணிகூட விற்கவில்லை. அடுத்த வாரம் மழை வந்து சாமானெல்லாம் நனைந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் நிக்கானோர்தான் என்று கடை வரிசை முழுக்கச் சொல்லி வைத்தாள். இவர் ரம்பத்துக்குப் புது வட்டத் தகடு வாங்கப் போனபோது தகடு விற்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஹெர்மிலாக்கா போணியக் கெடுத்தவருக்கு நான் விக்கறதா? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு மேஸ்திரி."

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் பட்டறைக்குப் போவார், ரம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். காப்பி ஆறிக் கிடக்கும். ரொட்டிக் கடைக்குச் சந்தைத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். இவர் ஊரைச் சுற்றிக்கொண்டு போனார். கடன்காரன் என்ற பெயரோடு சாவதைவிடப் பஸ்ஸோடு பள்ளத்தில் விழுந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

காலையில் டமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கும் ஃபிதேல் ஒருநாள் வந்தான். தள்ளுவண்டியின் மேல்பலகை உளுத்துப்போயிருந்தது.

"பலகை என்னுது, வேலை உங்களுது. கூலி எவ்வளவு மேஸ்திரி?"

"ஆயிரத்து எண்ணூறு."

"அதென்ன அப்படி ஒரு கணக்கு?"

"அது என் கணக்கு. சம்மதமா, இல்லையா?"

சனிக்கிழமைக்குள் வேண்டும் என்றான். ரம்பத் தகடோ பல் மழுங்கிக் கிடந்தது. முதல் பலகையிலேயே மரம் கருகிப் புகைந்தது. ஒத்திலியா துடைப்பத்தோடு ஓடி வந்தாள். புதுத் தகடு கிடைக்க வழியில்லை. தகட்டைக் கழற்றி, அரத்தை எடுத்து, பல் பல்லாகத் தீட்டினார். நடுவில் எழுந்து வாசல்வரை நடப்பார். வந்து மறுபடி தீட்டுவார். விரல் நுனி கிழிந்தது. ஆனால் பலகை வெண்ணெய் மாதிரி அறுபட்டது. சனிக்கிழமை ஃபிதேல் வண்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசாமல் காசைக் கொடுத்தான்.

மறுநாள் காலை ஹெர்மிலா தார்ப்பாயின் முடிச்சை அவிழ்க்கும்போதே முன்னால் போய் நின்றார்.

"இந்தாம்மா, உங்க காசு. போணியா வெச்சுக்குங்க."

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "பழைய பாக்கி எங்கயாவது போணியாகுமா மேஸ்திரி? புதுசா ஏதாவது வாங்குங்க. அப்பறம்தான் அதத் தொடுவேன்."

சட்டைப்பையைத் துழாவினார். பஸ்ஸுக்கு வைத்திருந்த பத்து பெசோ நாணயம். அதற்குள் ஒரு வாலிபன் சுத்தியலைக் கையில் எடுத்து, மறு கையால் பணப்பையைத் திறந்தான். கெடுத்தது இவர், சரிசெய்வது இன்னொருத்தனா?

"தம்பி, பொறு! நான் முதல்ல!" தச்சுப் பென்சில் ஒன்றை எடுத்தார். "எவ்வளவு?"

"பன்னெண்டு."

"பத்துதான் இருக்கு."

"போணியிலயும் பாக்கியா?" ஹெர்மிலா சிரித்துவிட்டாள். "பரவால்ல, பத்துக்கே எடுத்துக்குங்க."

"எனக்கு எவரும் ரெண்டு பெசோ விட்டுத்தர வேணாம்." பென்சிலை இருந்த இடத்திலேயே வைத்தார். "பத்துக்கு ஆணி குடுங்க."

அவள் ஒரு பிடி ஆணியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். நாணயத்தை வாங்கி நெற்றி, மார்பு, தோள் என்று சிலுவை போட்டு, முத்தம் கொடுத்து, இடுப்புப் பையில் போட்டாள். பிறகு, முதலில் பின்னால் ஒளித்த கையை அவர் முன்னால் நீட்டி விரித்தாள்.

நிக்கானோர் எச்சில் தொட்டு, வரிசையெல்லாம் கேட்கும்படி சத்தமாக எண்ணி, ஒவ்வொரு தாளாக வைத்தார். தகடு விற்கிறவனும் எட்டிப் பார்த்தான். "ஆயிரத்து எழுநூறு... ஆயிரத்து எண்ணூறு" என்று கடைசித் தாளை அந்த உள்ளங்கையில் அழுத்தி வைத்தார்.