முழங்காலுக்கு மேலே, தலைக்குக் கீழே

எழுபதுகளின் நடுவில் விலங்கியல் முதுகலை கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். என் தலையெழுத்து, ஆய்வுக்குக் கிடைத்தது சிலந்தி. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே இருந்த புதர்க்காட்டில் எந்தச் சிலந்தி எந்த உயரத்தில் வலை கட்டுகிறது, அவை அடித்துக்கொள்கின்றனவா, அனுசரித்துப் போகின்றனவா என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் பட்டம் இல்லை, கல்லூரி வேலையும் இல்லை. அந்த வேலையை நம்பித்தான் கல்யாணப் பேச்சு எடுக்காமல் வீட்டில் என்னை விட்டுவைத்திருந்தார்கள்.

சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து ரயில் பிடித்து, பஸ் மாறி, பத்து மணிக்குக் காட்டுக்குள் நுழைவேன். பாம்புக்குப் பயந்து ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்கமாட்டேன். இரண்டே மாதத்தில் அபாரமான உண்மை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். களாப் புதர்களில் முழங்காலுக்குக் கீழே சின்னச் சிலந்திகள். தலைக்கு மேலே, மரத்துக்கு மரம் கட்டிய வலைகளில், உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய சிலந்திகள். நடுவில் ஒரு நூல்கூட இல்லை! சண்டை வராமலிருக்க நடுவில் இடம் விட்டு வாழ்கின்றன என்று பத்துப் பக்கம் எழுதித் தள்ளினேன். பேராசிரியரே அசந்துபோனார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சமர்ப்பிக்க மூன்று வாரம் இருக்கும்போது ஒருநாள் முதல் ரயிலிலேயே போய்விட்டேன். விறகு பொறுக்கும் பெண்கள் பத்துப் பேர் பாதையில் வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவள் ஒரு குச்சியை முழங்காலுக்கும் தலைக்கும் நடுவே இடமும் வலமும் வீசி, வலைகளைச் சுருட்டிக்கொண்டே வந்தாள். குச்சி நுனி பஞ்சுமிட்டாய் மாதிரி இருந்தது.

"ஐயோ, என்ன பண்றீங்க?" என்று அலறினேன்.

"மூஞ்சில ஒட்டிக்கினா பேஜாரு பாப்பா. டெய்லி ஒருத்தி முன்னால அடிச்சிக்கினே போவோம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"செரி, ரெண்டு வாரம் ஏரிக்கரையால சுத்திக்கினு போறோம். நீ பாஸாவு."

இரண்டு வாரத்தில் நடுவிடம் நிரம்பிவிட்டது. பெரியவளின் வலையிலேயே முட்டுக்கொடுத்துச் சின்னது தன் வலையைக் கட்டியிருந்தது. கடுகளவு வெள்ளிச் சிலந்திகள் அவள் வலைக்குள்ளேயே குடியிருந்து, மாட்டிய பூச்சிகளைத் திருடித் தின்றன. துரத்தினால் ஓடி, மறுபடி வந்தன. இடம் விட்டு வாழ்வதாவது! பத்துப் பக்கத்தையும் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினேன்.

இந்த வலைகள் நிற்பதற்காகப் பத்துப் பெண்கள் இரண்டு வாரம் தலைச்சுமையோடு சுற்றுவழியில் நடந்தார்கள் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். பேராசிரியர் சிவப்பு மையால் அதை அடித்தார்.

"இது சிலந்தியைப் பத்தின ஆய்வும்மா. மனுஷங்க எதுக்கு?"

இரண்டு மாதம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. "அது அவங்க நடக்கிற வழி சார்" என்றேன். பட்டம் போனாலும் போகட்டும் என்று அந்தப் பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்து, அந்த வரியோடுதான் கொடுத்தேன்.